நாலு டயரிலும் ஒரே மணம்

எங்கள் பரிசோதகர்களின் வட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் ஜெஸ் ஒரு கேள்வி போட்டிருந்தாள். ஜெஸ் இப்போது கார் ஓட்டத் திடலின் தலைமைப் பரிசோதகர். இந்த வசந்தத்தில் நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். காகிதப் படிவத்தை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் டப்லட்டுக்கு மாற்றப் போகிறார்களாம். மாற்றும்போதே வேண்டாத கேள்விகளையும் வெட்டச் சொல்லி மேலிடத்து உத்தரவு. அவள் கேட்டது இதுதான்: 'இந்தப் பதினேழாம் கேள்வி என்ன கண்றாவி? யார் சேர்த்தது? வெட்டலாமா?'

பதினேழாம் கேள்வி இப்படி இருக்கும்: 'வழக்கம் காரணமாகவோ நம்பிக்கை காரணமாகவோ இந்தக் காரிலோ டயரிலோ ஏதாவது தடவப்பட்டதா, வைக்கப்பட்டதா?' ஓட்டத்துக்கு முன்னர் பரிசோதகர் இதை ஓட்டுநரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதிலை எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

குழுவில் ஒரே சிரிப்பு. முன் சில்லின் டயரில் கொஞ்சம் பியர் ஊற்றிவிட்டே திடலுக்குள் இறங்குகிற ஒருவனைப் பற்றி யாரோ எழுதினார்கள். தகப்பனின் சாம்பலைக் காரின் காப்புக் கூண்டுக் குழாய்க்குள் அடைத்து வைத்திருந்தவனைப் பற்றி இன்னொருவர். நான் மூன்று முறை பதில் எழுதி மூன்று முறையும் அழித்தேன். நாலாவது முறை தொடங்கியதுதான் இது. குழுவுக்கு அனுப்ப முடியாத நீளத்துக்கும் போய்விட்டது, தமிழிலும் வந்துவிட்டது.

முதலில் என்னைப் பற்றி. என் மனைவி பிலோமினா சொல்வது போதும்: "இந்த மனிசன் பூசைக்குப் போனாலும் சுவாமியாரின்ர கையைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கும்." சந்தேகப் பிராணி என்று அவள் எனக்கு வைத்த பெயர் நாங்கள் இருக்கிற குட்மேய்ஸ் முழுக்கத் தெரியும். மன்னாரில் பிறந்தேன். சண்டைக் காலத்தில் லண்டன் வந்து, பெற்றோல் ஷெட்டில் நின்று, கராஜில் ஒயில் மாற்றி, கடைசியில் வாகனங்களுக்கு வருடாந்தம் செய்யும் எம்.ஓ.ரி பரிசோதனைக்கு உரிமம் எடுத்தேன். வாரத்தில் ஐந்து நாள் அந்த வேலை. காரைக் கொண்டு வருபவன் எல்லாம் நல்லது என்பான், நான் எல்லாம் பழுது என்ற நினைப்போடு தொடங்குவேன். இரண்டுக்கும் நடுவில் எங்கோ உண்மை இருக்கும்.

கராஜுக்கு வந்த ஒரு வெள்ளைக்காரர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஸ்டொக் கார் ஓட்டத்துக்குக் கூட்டிப் போனார். லண்டனின் கிழக்கு ஓரத்தில் நீள்வட்டத் தார்ப்பாதை. கால் மைல்கூட வராது. இருபது இருபத்தைந்து கார்கள் இடப்பக்கம் மட்டுமே திரும்பித் திரும்பி ஓடும். முட்டலாம், தள்ளலாம், மதிலோடு சாத்தலாம். புதியவனின் கார்க் கூரைக்கு வெள்ளை நிறம். புள்ளி ஏற ஏற மஞ்சள், நீலம், சிவப்பு என்று மாறும். சிவப்புக் கூரைகள் கடைசியில் இருந்துதான் ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். பருவம் முழுக்க அதிக புள்ளி எடுத்தவனுக்கு அடுத்த வருடம் தங்க நிறக் கூரை. அந்தத் தங்க நிறத்துக்காக வீட்டை அடகு வைத்தவர்களைக்கூடக் கண்டிருக்கிறேன். எனக்கு ஓட்டம் பிடிக்கவில்லை. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் காருக்குக் கீழே படுத்துக் கிடந்து ஏமாற்று வேலையைத் தேடுகிற ஆட்களைத்தான் பிடித்தது. இரண்டு வருடத்தில் நானும் அவர்களில் ஒருவன் ஆனேன்.

அப்போது தலைமைப் பரிசோதகர் மிஸ்டர் ஹாலெட். பண்டகசாலைக்காரர்கள் போடுவது போன்ற மண்ணிறக் கோட்டுப் போட்டிருப்பார். அதன் மேல் பையில் ஒரு வெள்ளைத் துணி. எந்தக் காரையும் தொடுவதற்கு முன்னர் அந்தத் துணியால் கை துடைப்பார். "இன்னொரு மனிதன் வருடம் முழுக்கப் பாடுபட்ட சாமான், தாஸ். அழுக்குக் கையால் தொடாதே" என்று முதல் நாளே சொன்னார். காரை ஒருமுறை தொடாமலே சுற்றி வருவார். பிறகு காரை விட்டுவிட்டு ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சில்லு, எடை, எஞ்சினின் முத்திரை. 'கள்ளம்' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. மிஞ்சி மிஞ்சிப் போனால், "இது எனக்குப் புரியவில்லை" என்பார். அதைக் கேட்டவுடன் பெரிய பெரிய முரடர்களுக்கு வேர்க்கும்.

எல்லாம் முடிந்து கையெழுத்துப் போடும்போது பேனாவைத் திறக்க மாட்டார். பரிசோதித்தவனைப் பார்த்து, "எனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனம் பொல்லாதது. சொல்ல ஒன்றும் இல்லாதவனும் எதையாவது தேடிச் சொல்லிவிடுவான். "ஒன்றுமில்லை" என்றால் அதை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போடுவார், திருப்பிக் கேட்க மாட்டார்.

என்னை அவர் கவனிக்கத் தொடங்கியது ஒரு சப்பாத்து விஷயத்தில். ஓட்டம் முடிந்ததும் ஓட்டுநரோடு சேர்த்துக் காரை நிறுப்போம், குறைந்தபட்ச எடை இருக்க வேண்டும். ஒரு சிவப்புக் கூரைக்காரர் ஓட்டம் முடிந்து இறங்கி, யாரோடோ பேசி, கூடாரத்துக்குள் போய், திரும்பித் தராசுக்கு வந்தார். வரும்போது நடை சரியில்லை. ஈரத் தரையில் வழுக்கிவிடுமோ என்று பயந்தவர் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். இரண்டு அடியிலும் ஈயத் தகடு. கார் எடை குறைவு, அதைச் சப்பாத்தால் ஈடுகட்டப் பார்த்திருக்கிறார். ஹாலெட் அந்தச் சப்பாத்துகளைக் கையில் தூக்கிப் பார்த்து, "இது எனக்குப் புரியவில்லை" என்றார். அன்றிலிருந்து கடினமான கார்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். எனக்கும் தலைக்கனம் ஏறியது. அதை இப்போது மறைத்து என்ன?

இனிக் குமரன். யாழ்ப்பாணத்து ஆள். அப்போது நாற்பது வயது இருக்கும். ரெய்னர்ஸ் லேனில் டயர்க் கடை. எங்கள் திடலில் ஓடிய ஒரே தமிழன். வெள்ளைக் கூரையோடு வந்து, இரண்டே பருவத்தில் சிவப்புக்கு ஏறிவிட்டார். மனைவி வசந்திதான் அவருடைய முழுப் படையும். சில்லுக் கழற்றுவதும் அவதான், ஐஸ் பெட்டியில் புட்டும் கறியும் கொண்டு வருவதும் அவதான்.

முதல் நாள் என்னைக் கண்டவுடன் குமரன், "அண்ணை, நீங்கள் எங்கட ஆளோ? எந்த இடம்?" என்று வாயெல்லாம் பல்லாக வந்தார். நான் ஆங்கிலத்தில், "பரிசோதனைக்கு முன்னர் ஹெல்மெட்டைக் காட்டுங்கள்" என்றேன்.

அது வேண்டுமென்றே செய்தது. கார்களை ஆயத்தம் செய்கிற பிட்டில் ஏற்கெனவே கதை கிளம்பியிருந்தது. 'தாஸின் கசின் வந்திருக்கிறான், இனி அவனுடைய காரைத் தொட மாட்டான்' என்று. தோல் நிறம் ஒன்றென்றால் கசின்தான் அவர்களுக்கு. அந்தக் கதையை முளையிலேயே கிள்ள நினைத்தேன். திடலுக்குள் குமரனோடு ஒரு சொல் தமிழ் பேச மாட்டேன் என்று முடிவெடுத்தேன். மற்றவர்களுக்குப் பத்து நிமிடப் பரிசோதனை என்றால் அவருக்கு இருபது. மற்றவர்களுடைய முத்திரையைக் கண்ணால் பார்ப்பேன், அவருடையதை லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். வசந்தி நீட்டிய வடையை ஒருநாள்கூட வாங்கியதில்லை. குமரன் எதையும் முகத்தில் காட்டவில்லை. "சரி, அண்ணை" என்பார். நான் ஆங்கிலத்தில் கேட்பேன், அவர் தமிழில் பதில் சொல்வார். இப்படியே இரண்டு பருவம்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு மனிதனை இரண்டு வருடம் பார்த்தால் என்னவாகும்? நடிப்புக்காகத் தொடங்கிய சந்தேகம் உண்மையாகிவிடும். எனக்கு ஆகிவிட்டது. அந்த வருடம் ஓகஸ்ட் மாதத்துக்குப் பிறகு குமரன் வெல்லத் தொடங்கினார். வளைவில் மற்றவர்களின் வால் வெளியே இழுபடும்போது அவருடைய கார் தண்டவாளத்தில் போவது போலப் போனது. டயரை மென்மையாக்குகிற ரசாயனங்கள் இருக்கின்றன. ரப்பரில் பூசி ஊற வைத்தால் பிடிப்புக் கூடும். முழுத் தடை. இவரோ டயர்க் கடைக்காரர். அதைவிட ஒன்று கண்டேன். பரிசோதனைக்குக் காரை எடுத்து வருவதற்கு முன்னர் கணவனும் மனைவியும் காரை ஏற்றி வருகிற ட்ரெய்லரின் கதவை உள்ளே இருந்து சாத்திக்கொள்வார்கள். ஐந்து நிமிடம். ஐஸ் பெட்டியும் உள்ளே போகும். பிறகு கதவு திறக்கும், கார் இறங்கி வரும்.

அந்த ஐந்து நிமிடம் எனக்கு நித்திரையைக் கெடுத்தது. பிலோமினாவிடம் சொன்னேன்.

"போய்க் கேளுங்கோவன், உள்ளுக்க என்ன செய்யிறியள் எண்டு," என்றாள்.

"கேட்டா உசாராகிடுவினம்."

"தமிழில கேக்க வெக்கமாக்கும்," என்றுவிட்டு அவள் எழும்பிப் போய்விட்டாள்.

பருவத்தின் கடைசி ஓட்டம் ஒக்ரோபர் முடிவில், ஒரு ஞாயிறு பிற்பகல். குமரன் முதலாம் இடத்தில் நின்றார், இரண்டாம் இடத்தவனுக்கும் அவருக்கும் மிகச் சிறிய இடைவெளி. அன்று முதல் எட்டுப் பேருக்குள் ஓட்டத்தை முடித்தாலே தங்கக் கூரை அவருக்கு. எங்கள் ஆட்களில் யாரும் அதுவரை எட்டிப் பார்க்காத இடம். அந்த வாரம்தான் ஹாலெட், தான் பருவத்தோடு ஓய்வு பெறப் போவதாகவும், தன் இடத்துக்கு என் பெயரைக் கொடுக்க யோசிப்பதாகவும் சொல்லியிருந்தார். புதிதாக ஒரு மோப்பக் கருவியும் வந்திருந்தது. அதன் மூக்கை டயரின் மேல் பிடித்தால், ரப்பருக்கு உரியதல்லாத எண்ணெய் ஆவி ஏதும் இருந்தால் எண் ஏறும். நான் ஒரு திட்டம் போட்டேன். வழக்கமாகக் குமரனின் கார் வரிசையில் நின்று டயர் காய்ந்துபோய்த்தான் என்னிடம் வரும். அன்று அவரை முதலாவது ஆளாகக் கூப்பிட்டேன். ட்ரெய்லர் கதவு திறந்த கையோடு கார் நேரே என் முன்னால் வந்து நின்றது.

முன் இடது டயரில் கருவியைப் பிடித்தேன். எண் எகிறியது. முன் வலது, பின் இடது, பின் வலது, எல்லாம் அதே கதை. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சந்தோஷத்தில் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பின் வலது டயருக்குப் பக்கத்தில் குந்தி இருந்து மூக்கை வைத்தேன். ரசாயனம் மணக்கவில்லை, தேசிக்காய் மணந்தது. இந்தியத் தமிழர் எலுமிச்சம்பழம் என்பார்களே, அது. டயரின் வெட்டுக்குள் ஏதோ வெளிறலாகத் தெரிந்தது. நகத்தால் கிண்டி எடுத்தேன். ஒரு தேசிக்காய் விதை.

நான் வேதக்காரன்தான், கத்தோலிக்கன், கோயில் வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் எத்தனை வருடம் குட்மேய்ஸில் எங்கள் ஆட்களின் கார்களைப் பரிசோதித்தவன். புதிதாகவோ பழையதாகவோ கார் வாங்கினால், அர்ச்சனை செய்து, நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்து, அவை நசியக் காரை ஓட்டுவார்கள். கண்ணூறு கழியும் என்று. கோயிலுக்குப் போன கையோடு எம்.ஓ.ரிக்கு வருகிற கார்களின் டயரில் தோலும் விதையும் ஒட்டிக்கொண்டிருக்கும். நூறு முறை கிண்டி எடுத்திருப்பேன். ட்ரெய்லர் கதவுக்குப் பின்னால் நடந்த ஐந்து நிமிடமும் அந்த ஒரு நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. பிட்டில் நெருப்பு மூட்டத் தடை, கற்பூரம் கொளுத்த முடியாது. வெள்ளைக்காரர் பார்த்துச் சிரிப்பார்கள் என்ற கூச்சம் வேறு. அதனால் கதவைச் சாத்திக்கொண்டு, ட்ரெய்லருக்குள்ளேயே தேசிக்காயை வைத்து, அதன்மேல் காரை இறக்கியிருக்கிறார்கள். தேசிக்காய்த் தோலில் எண்ணெய் இருக்கிறது. கருவிக்கு அது தெரியும், அதன் காரணம் தெரியாது.

எனக்குத் தெரியும்.

ஹாலெட் வந்தார். கை துடைத்தார். ரப்பரின் மென்மையை அளக்கிற ஊசியை நாலு டயரிலும் குத்திப் பார்த்தார். எல்லாம் அளவுக்குள் இருந்தது. "ஊசி சரி என்கிறது, மூக்கு பிழை என்கிறது. இது எனக்குப் புரியவில்லை" என்றார். எங்கள் விதி தெளிவானது. அழுக்கு எங்கிருந்து வந்தது என்று பரிசோதகருக்குத் தெரிந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இருபது நிமிடம் விட்டு மீண்டும் மோப்பம் பிடிக்கலாம். பெற்றோல் சிந்திய டயர்களுக்கு அப்படி எத்தனையோ முறை செய்திருக்கிறோம். காரணம் தெரியாவிட்டால் டயர் ஆய்வுகூடத்துக்குப் போகும், காருக்கு அன்று ஓட்டம் இல்லை.

குமரனுக்கு நடப்பது விளங்கவில்லை. தேசிக்காயைக் கருவி பிடிக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? யாரோ தன் டயரில் எதையோ பூசிவிட்டார்கள் என்றுதான் நினைத்தார். சுற்றிவரக் கூட்டம் கூடிவிட்டது. இரண்டாம் இடத்துக்காரனின் ஆட்களும் நின்றார்கள். குமரன் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அண்ணை, என்ர பிள்ளையாணை நான் ஒண்டும் பூசேல்லை. உங்களுக்கு என்னைத் தெரியும்தானே. நீங்களாவது அவருக்குச் சொல்லுங்கோ."

கூட்டத்தில் ஒருவன், "கசினிடம் கெஞ்சுகிறான்" என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

ஹாலெட் பேனாவை எடுத்தார், மூடியைத் திறக்கவில்லை. "தாஸ், எனக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?"

விதை என் விரல்களுக்கு நடுவில் இருந்தது. சொன்னால், கசினுக்காகக் கதை கட்டுகிறான் என்பார்கள். ஹாலெட்டின் நாற்காலி கண்ணுக்கு முன்னால் வந்து போனது. இதுவரை சொன்னது எல்லாரும் மன்னிக்கக்கூடியதுதான். இன்னொன்று இருந்தது, அதை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூட முழுதாகச் சொன்னதில்லை. இரண்டு வருடமாக நான் சந்தேகப்பட்ட மனிதன் குற்றவாளி இல்லை என்று ஆவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கள்ளனாக இருக்க வேண்டும் என்று என் மனம் விரும்பியது.

"ஒன்றுமில்லை, மிஸ்டர் ஹாலெட்," என்றேன். விதையைக் கீழே விட்டேன். அது தாரில் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை, அவ்வளவு சின்னது.

அவர் கையெழுத்துப் போட்டார். நாலு டயரையும் கழற்றிப் பையில் கட்டி முத்திரை வைத்தோம். வசந்திதான் கழற்றித் தந்தா. ஒவ்வொரு சில்லாக உருட்டி வந்து என் முன்னால் வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போனா. ஓட்டம் தொடங்கியபோது குமரன் ட்ரெய்லரின் படியில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். இரண்டாம் இடத்துக்காரன் தேவையான புள்ளியை எடுத்தான். ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்லிக் கூரைக்குத் தங்க நிறம் என்று அறிவித்தார்கள். இரண்டு மூன்று பேர் வந்து என் தோளில் தட்டினார்கள். "நேர்மையான மனிதன், தாஸ்" என்றார்கள். கசின் கதை அன்றோடு முடிந்தது.

மூன்று வாரம் கழித்து ஆய்வுகூடத்துக் கடிதம் வந்தது. ஹாலெட் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். ரப்பருக்குள் எந்த மென்மையாக்கியும் இல்லை. மேற்பரப்பில் மட்டும் எலுமிச்சை வகை எண்ணெய்.

"ஒரு மனிதன் ஏன் டயரில் எலுமிச்சை தேய்ப்பான், தாஸ்?"

"தெரியாது."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குமரனுக்கு மன்னிப்புக் கடிதம் போனது, ஆய்வின் பிரதியையும் சேர்த்து. ஓட்டம் ஓடி முடிந்துவிட்டதால் பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க விதி இல்லை. அந்தக் குளிர் மாரியிலேயே குமரன் காரை விற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஹாலெட் போகும் முன்னர் செய்த கடைசி வேலை, படிவத்தில் பதினேழாம் கேள்வியைச் சேர்த்தது. யாரிடம் கேட்டு அறிந்தார் என்று தெரியாது. தன் இடத்துக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டுத்தான் போனார். எல்லாம் தெரிந்தும் கொடுத்தாரா, தெரியாமல் கொடுத்தாரா, தெரிந்ததால்தான் கொடுத்தாரா? உலகத்தையே சந்தேகப்பட்டுப் பழகியவனுக்கு இந்த ஒன்றை மட்டும் துப்புத் துலக்க முடியவில்லை. அந்த நாற்காலியில் ஆறு வருடம் இருந்தேன். ஒவ்வொரு ஓட்டுநரிடமும் அந்தக் கேள்வியை என் வாயாலேயே கேட்டேன்.

ஜெஸ்ஸின் கேள்விக்கு எழுதிய பதிலை மூன்றாவது முறை அழித்த மறுநாள், காரை எடுத்துக்கொண்டு ரெய்னர்ஸ் லேனுக்குப் போனேன். முன் டயரில் மெல்லக் காற்றுப் போகிறது என்பது சாட்டு. குட்மேய்ஸில் டயர் பார்க்கிறவர்கள் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

குமரன் என்னைக் கண்டதும் கையில் இருந்த டயரைச் சுவரோடு சாத்தினார். தலை நரைத்திருந்தது.

"வாங்கோ, அண்ணை. இவ்வளவு தூரம்? டயரோ?" என்றார்.

"ஓம், தம்பி. காத்துப் போகுது."

நான் தமிழில் பேசியதை அவர் கவனித்தார். காருக்குக் கீழே ஜாக்கை வைத்தார். வசந்தி கண்ணாடிக்குப் பின்னால் கணினியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவ, என்னைக் கண்டு எழுந்து வந்தா. நான் எதிர்பார்க்காத மரியாதை. இருக்கக் கதிரை தந்தா, தேத்தண்ணி ஊற்றித் தந்தா. "பால் போட்டாச்சு, வெறும் தேத்தண்ணி எண்டா மாத்தித் தாறன்," என்றா. குடும்பக் கதை கேட்டா. மூத்த மகள் வேலைக்குப் போகிறாவாம், சென்ற வருடம் கார் வாங்கினாவாம்.

குமரன் சில்லைக் கழற்றியபடியே சிரித்தார். "மகள் காரைக் கொண்டுவந்து வாசல்ல விட்டா, அம்மாக்காரி வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. பூசையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்கட வீட்டில தேசிக்காயே வாங்கிறேல்லை, அண்ணை. சொதிக்கும் வினாகிரிதான். என்ர தங்கக் கூரையைத் திண்ட பழமெல்லோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதை அவர் எத்தனையோ முறை, எத்தனையோ பேருக்கு முன்னால் சொல்லியிருப்பார் என்று எனக்குப் பட்டது. வசந்தி சிரிக்கவில்லை. என் கையில் இருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினா.

"நான்தான் அண்ணை செய்தனான். இவர் வேண்டாம் எண்டுதான் சொன்னவர். ஒவ்வொரு கிழமையும் வெஸ்ட் ஈலிங் கோயிலில வச்சுக் கொண்டுபோறனான். கடைசி ஓட்டம், கண்ணூறு படக்கூடாது எண்டு அண்டைக்குக் கொஞ்சம் பெரிய பழமாப் பார்த்து எடுத்தன். அந்தக் கடிதம் வந்தாப் பிறகுதான் விளங்கினது. உங்களிலயும் பிழை சொல்ல ஏலாது. நீங்கள் வேதக்காரர். உங்களுக்குத் தேசிக்காயைப் பற்றி என்ன தெரியும்?"

எனக்கு ஒரு வழி விட்டிருந்தா. ஆறு வருடமாக எனக்காக ஒரு நியாயத்தைச் செய்து வைத்துக்கொண்டு, நான் வந்தவுடன் தேத்தண்ணியோடு அதையும் தந்தா. வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தெரியும், தங்கச்சி."

"என்ன?"

"அது தேசிக்காய் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். மணந்து பார்த்தனான். டயருக்குள்ள விதையும் கண்டனான். கையில வச்சிருந்தனான். ஹாலெட் கேக்கேக்க ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, கழுவிப்போட்டு ஓட விட்டிருப்பார். நான் சொல்லேல்லை."

காற்று அடிக்கிற கம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. குமரன் அதை நிறுத்தினார். கையில் இருந்த நட்டுக் கழற்றியைத் தரையில் போட்டார். முகம் கறுத்துவிட்டது.

"எழும்புங்கோ," என்றார். "எழும்பி வெளியில போங்கோ. காரை நான் றோட்டில கொண்டுவந்து விடுறன்."

நான் எழுந்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அதற்குத்தான் போனேன் என்றும் நினைக்கிறேன்.

"பொறுங்கோ," என்றா வசந்தி. என் முன்னால் வந்து நின்றா. கோபம் வரும் என்று அந்த முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. "அண்ணை, இப்ப சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"உங்கட தேசிக்காயால இல்லை, தங்கச்சி. நான் வாய் திறக்காததாலதான்."

வசந்தியின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவில்லை. கையை நீட்டிக் கணவனைக் காட்டினா.

"எனக்கில்லை. அவரைப் பார்த்துச் சொல்லுங்கோ."

குமரன் தலை குனிந்து நின்றார். நான் அவரைப் பார்த்துச் சொன்னேன்.